மாரத்தான் பேஸ் கணக்கு: இலக்கு நேரம் குறிப்பதிலிருந்து கடைசிக் கிலோமீட்டர் வரை

கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 நொடி என்று பிசகாமல் ஓடினால் மாரத்தான் 4 மணி 30 நிமிடம் 3 நொடியில் முடியும். "நாலரை மணிக்குள் முடிப்பேன்" என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லிவிட்டுக் கிளம்பியவருக்கு அந்த 3 நொடி போதும், அடுத்த வருஷம் வரை உறுத்திக்கொண்டே இருக்க. அதையே 6:23 என்று ஓடினால் 4:29:21. தூரம் 42.195 கி.மீ. என்பதால் பேஸில், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட எடுக்கும் நேரத்தில், ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் முடிவில் அது 42 நொடி ஆகிவிடுகிறது. (அந்த 195 மீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்து சேர்ந்தது. 1921ல் அதுவே நிலையான தூரமானது.)

மனக்கணக்குக்கு இதை நினைவில் வையுங்கள்: கிலோமீட்டருக்கு 5 நொடி என்றால் மொத்தத்தில் மூன்றரை நிமிடம், 10 நொடி என்றால் 7 நிமிடம். இலக்கு நேரத்துக்குள் முடிக்கத் தேவையான சராசரி பேஸ் இது:

3:30 மணி: 4:58
4:00 மணி: 5:41
4:30 மணி: 6:23
5:00 மணி: 7:06
5:30 மணி: 7:49
6:00 மணி: 8:31

பெரும்பாலானவர்கள் இந்தப் பட்டியலில் பிடித்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை வாட்சில் ஏற்றிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது ஆசை, திட்டமாகாது. பேஸ் திட்டம் என்பது உங்கள் உடம்பு சமீபத்தில் என்ன ஓடியது என்பதில் தொடங்கி, பாதை, வெயில், தண்ணீருக்கு நிற்கும் நேரம் என ஒவ்வொன்றையும் அதில் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சும் எண். அந்த வரிசையிலேயே போவோம்.

1. அரை மாரத்தான் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

மாரத்தானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு ஓர் அரை மாரத்தானை முழு முயற்சியோடு ஓடியிருக்க வேண்டும். ஜாலியாகப் பேசிக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டம் கணக்கில் வராது. அரை மாரத்தான் அமையவில்லையென்றால் 10 கி.மீ. நேரம் பரவாயில்லை. 5 கி.மீ. நேரத்தை வைத்து மாரத்தான் கணிப்பதை நான் நம்புவதில்லை. வேகம் உள்ளவர்களுக்கெல்லாம் தாக்குப்பிடிக்கும் சக்தியும் இருந்துவிடாது.

பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை 1.06 என்ற அடுக்கால் சொன்னார். இணையத்தில் உள்ள கால்குலேட்டர்களில் பல இன்றும் இதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. நமக்கு அடுக்கெல்லாம் வேண்டாம், பெருக்கல் போதும்: அரை மாரத்தான் நேரத்தை 2.085ஆல் பெருக்குங்கள், அல்லது 10 கி.மீ. நேரத்தை 4.6ஆல். 10 கி.மீ.யை 50 நிமிடத்தில் ஓடுபவருக்கு 230 நிமிடம், அதாவது 3:50 என்று விடை வரும்.

இந்த விடைதான் நம் ஊரில் பலரைக் கெடுக்கிறது. வாரம் 80, 100 கி.மீ. ஓடுபவருக்கு அது சரியாக இருக்கலாம். வேலை, வீடு, குழந்தையின் ஸ்கூல் வேன் எல்லாவற்றுக்கும் நடுவில் வாரம் நான்கு நாள் ஓடுபவருக்கு 2.085 என்பது ரொம்பவும் தாராளம். ஆகவே நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது: வாரம் 80 கி.மீ.க்கு மேல் மாதக்கணக்கில் ஓடியவர் 2.1, வாரம் 55 முதல் 70 வரை ஓடுபவர் 2.15, வாரம் 45க்குக் கீழே உள்ளவரும் முதல் மாரத்தான் ஓடுபவரும் 2.2.

ஓர் உதாரணம் எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்தொடர்வோம். அரை மாரத்தான் 2:05, அதாவது 125 நிமிடம். வாரத்துக்குச் சுமார் 50 கி.மீ., ஆக 2.15க்கும் 2.2க்கும் நடுவில். முன்பே ஒரு மாரத்தான் ஓடியவர். 2.15ஆல் பெருக்கினால் 4:28:45. 2.2ஆல் பெருக்கினால் 4:35. ரீகல் கணக்குப்படி 4:20:38. மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாம் கூடிவந்தால் 4:30, சாதாரண நாளென்றால் 4:35. 4:20ஐத் தாளிலிருந்தே நீக்கிவிடலாம். யாஸோ 800 என்று ஒரு பயிற்சி உண்டு. 800 மீட்டரைப் பத்து முறை 4 நிமிடம் 20 நொடியில் ஓட முடிந்தால் மாரத்தான் 4 மணி 20 நிமிடம் என்று அதை வைத்துச் சொல்வார்கள். பயிற்சியாக நல்லதுதான். கணிப்பாக அதுவும் ஆசை காட்டும் ரகம்.

இரண்டு இலக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்க இல்லை. 4:30 நழுவுகிறது என்று 33வது கிலோமீட்டரில் தெரிந்தால், இரண்டாவது இலக்கு இல்லாதவர் அங்கேயே நடக்க ஆரம்பித்துவிடுவார்.

2. வாட்ச் சொல்லும் தூரத்தைச் சரிக்கட்டுங்கள்

இந்தப் படியைப் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். சான்றளிக்கப்பட்ட மாரத்தான் பாதையைச் சைக்கிளில் பொருத்திய ஜோன்ஸ் கவுன்டர் என்ற கருவியை வைத்து அளக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் சாத்தியமான மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். அதற்கு மேல், எக்காரணத்தாலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டியும் வைப்பார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

நீங்கள் அந்தக் குறுகிய கோட்டில் ஓடப்போவதில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவீர்கள், தண்ணீருக்காக ஓரம் கட்டுவீர்கள், வளைவில் வெளிப்பக்கமாக விரிவீர்கள். ஜி.பி.எஸ். பிழையும் சேரும். முடிவுக் கோட்டில் வாட்ச் 42.5, 42.6, சில சமயம் 42.8 கூடக் காட்டும். "பாதை நீளமாக இருந்தது" என்று புலம்பும் பலருக்கு நடந்தது இதுதான்.

கணக்கு எளிது. 4:30க்குச் சற்று முன்பான 4:29:54ஐ 42.195ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6:24. அதையே வாட்ச் காட்டப்போகும் 42.6ஆல் வகுத்தால் 6:20. ஆக, வாட்சில் நாள் முழுக்க 6:24 பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓடினவர் முடிவுக் கோட்டை இரண்டரை நிமிடத்துக்கு மேல் தாமதமாகத் தாண்டுவார். ஆகவே பாதைக்கு என்ன பேஸ் தேவையோ அதைவிட 4 நொடி வேகமாக வாட்ச் காட்ட வேண்டும்.

வாட்சை இன்னும் நல்லபடியாகப் பயன்படுத்த ஒரு வழி: ஆட்டோ லாப்பை (வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாகவே நேரம் குறிப்பதை) அணைத்துவிட்டு, பாதையோரக் கி.மீ. பலகையைத் தாண்டும்போது நீங்களே லாப் பட்டனை அழுத்துங்கள். அப்போது வருவது உண்மையான பாதையின் பேஸ். பலகையே ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஓட்டங்களும் உண்டு. அதனால் ஒரு கிலோமீட்டர் 6:05 என்றும் அடுத்தது 6:40 என்றும் வந்தால் பதறாதீர்கள். ஐந்து ஐந்தாகப் பாருங்கள். அந்தக் கணத்தின் பேஸ் என்று வாட்ச் காட்டுகிறதே, அந்த எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. மரத்தடியிலும் மேம்பாலத்துக்குக் கீழும் அது இஷ்டத்துக்குக் குதிக்கும். அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் மூச்சுதான் வாங்கும்.

3. வெயில், ஈரப்பதம், ஏற்றம்

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது, நேப்பியர் பாலத்தருகே இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஜனவரி என்றதும் குளிர் என்று நினைத்துவிட வேண்டாம். வைகறையில் 21, 22 டிகிரி இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மாரத்தானுக்கு உடம்பு விரும்பும் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. அப்போது இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தொடைக்கும் அனுப்ப வேண்டும். அதே பேஸுக்கு நாடித்துடிப்பு பத்து, பதினைந்து ஏறிவிடும்.

அப்படியானால் எவ்வளவு கழிக்க வேண்டும்? உங்கள் அரை மாரத்தானும் நீண்ட ஓட்டங்களும் இதே ஊரில், இதே மாதங்களில் நடந்திருந்தால் ஈரப்பதம் ஏற்கெனவே உங்கள் நேரத்துக்குள் இருக்கிறது. மறுபடி கழிக்க வேண்டியதில்லை. கடைசி மணிநேரங்களின் வெயிலை மட்டும் பார்த்தால் போதும். காலை 4 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தில் நாலரை மணிக்காரர் இரண்டரை மணி நேரம் இருட்டில் ஓடுவார், ஆறரைக்குச் சூரியன் வரும், பிறகு இரண்டு மணி நேரம் முகத்தில் வெயில். ஆறு மணிக்காரருக்கு வெயில் மூன்றரை மணி நேரம். மெதுவாக ஓடுபவர்தான் அதிக வெயில் சுமக்கிறார் என்பதால் அவர்தான் அதிகமாகக் கழிக்கவும் வேண்டும்.

பெங்களூரில் பயிற்சி செய்துவிட்டுச் சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வருபவர் கணக்கு வேறு. அங்கே 900 மீட்டருக்கு மேல் உயரம், வறண்ட குளிர்ச்சி. அங்கே எடுத்த நேரத்தோடு கிலோமீட்டருக்குக் குறைந்தது 10, 15 நொடி கூட்டிக்கொள்வதே என் அபிப்பிராயம். உயரத்திலிருந்து இறங்கினால் ஆக்ஸிஜன் கூடும் என்று வாதிடுவார்கள். கூடும்தான். கடலோரப் புழுக்கம் அதை விழுங்கிவிடும்.

ஏற்றங்களுக்கு மும்பை மாரத்தானின் வழக்கமான பாதையைப் பாருங்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி, மெரைன் டிரைவ் வழியாகப் போய், பெடர் ரோடு ஏற்றத்தை ஆரம்பத்திலேயே ஏறுவார்கள். அப்போது அது ஏற்றமாகவே தெரியாது. வொர்லி, கடல் பாலம், பாந்த்ரா பக்கம் எல்லாம் சுற்றித் திரும்பும்போது 35 கி.மீ. தாண்டியபின் அதே பெடர் ரோடு எதிரில் நிற்கும், இப்போது வெயிலோடு. அங்கே பேஸைக் கட்டிக்காக்க முயல்பவர் தொடையைத் தொலைப்பார். ஏற்றத்தில் மூச்சைச் சமமாக வையுங்கள், பேஸ் 15, 20 நொடி போனால் போகட்டும். இறக்கத்தில் அதில் பாதி தானாகத் திரும்பி வரும். மீதிப் பாதியை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள். சென்னையின் மேம்பாலங்களுக்கும் இதே விதிதான்.

4. பயிற்சியில் ஒத்திகை

காகிதத்தில் வந்த 6:24ஐ உடம்பு ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க ஓர் ஒத்திகை ஓட்டம் போதும். நான்கு வாரம் முன்பு, 28 கி.மீ. முதல் 14ஐ நிதானமாக ஓடுங்கள், கிலோமீட்டருக்கு 7 நிமிடத்துக்கு மேல் போனாலும் சரி. அடுத்த 14ஐ இலக்கு பேஸில். மாரத்தான் அன்று போடப்போகும் அதே ஷூ, அதே ஜெல் (ஓடும்போதே சாப்பிடும் இனிப்புக் கூழ்), முடிந்தால் அதே நேரத்தில் தொடக்கம்.

கடைசி மூன்று கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பேஸ் நின்று, ஒன்றிரண்டு வாக்கியம் பேசவும் முடிந்தால் இலக்கு சரி. பேஸ் நின்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றது என்றால், இரண்டாவது இலக்கான 4:35ஐ முதலாவதாக்குங்கள். பேஸே பத்து நொடிக்கு மேல் விழுந்துவிட்டால் இலக்கு நேரத்தை இன்னும் தள்ளிவைக்க வேண்டும். இந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் நாடித்துடிப்பு எவ்வளவு இருந்தது என்று குறித்துவையுங்கள். மாரத்தானின் முதல் பாதியில் அந்த எண்ணைத் தாண்டவே கூடாது. 220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைவிட இது உங்களுக்கே உரிய, நம்பத்தகுந்த எல்லை.

5. ஓட்டத்தைத் துண்டு போடுங்கள்

42 கிலோமீட்டரையும் ஒரே பேஸில் ஓடுவது நல்ல திட்டம்தான், ஆனால் நம் ஊர்க் காலநிலையில் நடைமுறைக்கு ஒத்துவராது. இரண்டாம் பாதியை வேகமாக ஓட வேண்டும் என்ற உபதேசம் குளிர்நாட்டு ஓட்டங்களிலிருந்து வந்தது. கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2023ல் சிகாகோவில் 2:00:35 என்று உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அதற்கு முந்தைய வருஷம், அதுவரை சாதனையை வைத்திருந்த எலியுட் கிப்சோகே பெர்லினில் 2:01:09 ஓடியபோது முதல் பாதி 59:51, இரண்டாவது 61:18. அவருக்கே ஒன்றரை நிமிடம் சரிந்தது.

அதிகாலை இருட்டில் தொடங்கி வெயிலில் முடியும் ஓட்டத்தில் இரண்டாம் பாதி ஒன்றிரண்டு நிமிடம் கூடுவது இயல்பு. அதை ஏற்றுக்கொண்டு திட்டமிடலாம். ஏற்கக்கூடாதது, அந்தச் சரிவைக் காரணம் காட்டி முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடி 'நேரம் சேர்த்துவைப்பது'. ஆரம்பத்தில் வேகமாக ஓடி எடுத்த ஒவ்வொரு நொடியும் கந்து வட்டிக் கடன். 32 கி.மீ.க்குப் பிறகு வாசலில் வந்து நிற்கும்.

காரணம் எரிபொருள். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடை என்றால் மாரத்தானுக்கு 2,700 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் ஏறத்தாழ 2,000 கலோரி தாங்கும். மீதிக்குக் கொழுப்பு உதவுகிறது. ஆனால் பேஸ் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுச் சர்க்கரைப் பக்கம் சாய்கிறது. முதல் பத்தில் கிலோமீட்டருக்கு 20 நொடி வேகமாகப் போனவர் நேரத்தைச் சேமிக்கவில்லை, கிளைகோஜனைச் செலவழித்துவிட்டார். 30, 32 கி.மீ.யில் 'சுவர்' என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இந்த இருப்பு காலியாகும் இடத்தை.

நம் உதாரணக்காரருக்கு 4:30க்கான திட்டம் இப்படி அமையும். எல்லாம் பாதையின் பேஸ், வாட்சில் 4 நொடி குறைத்துப் பாருங்கள்.

முதல் 5 கி.மீ.: 6:30. மொத்தம் 32:30
5 முதல் 30 வரை: 6:20. 10 கி.மீ.யில் 1:04:10, அரைத் தூரத்தில் 2:14:27, 30ல் 3:10:50
30 முதல் முடிவு வரை: 6:29. 35ல் 3:43:15, 40ல் 4:15:40, முடிவு 4:29:54

கடைசி 12 கிலோமீட்டரில் 9 நொடி மெதுவாகப் போக இந்தத் திட்டம் அனுமதி தந்துவிடுகிறது. அதுதான் இதன் பலம். சமமாக 6:24 ஓடுவேன் என்று எழுதியவர் 34ல் 6:30 பார்த்ததும் மனம் தளர்வார். நம் ஆள் அதைப் பார்த்து, திட்டப்படிதான் போகிறோம் என்று ஓடிக்கொண்டிருப்பார்.

முதல் 5 கி.மீ.யில் 6:30 என்பது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். இரண்டு வாரமாக ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்த கால், விடியற்காலைக் குளிர்ச்சி, ஸ்பீக்கரில் பறை, சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர். 5:55 போய்க்கொண்டிருப்பீர்கள், நடப்பது போல இருக்கும். பெரிய மாரத்தான்களின் முடிவுகளை அலசியவர்கள் மறுபடி மறுபடி கண்டது ஒன்று: இரண்டாம் பாதியில் பெண்களைவிட ஆண்களே அதிகமாகச் சரிகிறார்கள். தொடக்கக் கோட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

நேரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். ஐந்தே வரி போதும்: 10, 21, 30, 35, 40. ஜெல் பேனாவால் எழுதினால் பத்தாவது கிலோமீட்டரிலேயே வியர்வையில் ஊறி நீலக்கறையாகிவிடும். பெர்மனன்ட் மார்க்கரில் பெரிய எழுத்தாக எழுதி, அகலமான செல்லோடேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, ஓரத்தைத் தோலில் உரசாதபடி மடித்துவிடுங்கள். 38ல் கண் சொருகும்போது சின்ன எழுத்து தெரியாது.

6. தண்ணீரும் பேஸ் கணக்குதான்

தண்ணீர் மேசையில் நின்று, காகிதக் கப்பை எடுத்து, குடித்து, மறுபடி ஓட ஆரம்பிக்க 12 நொடி கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். பதினைந்து மேசை என்றால் 3 நிமிடம், கிலோமீட்டருக்கு 4 நொடி. இதை எழுதாத திட்டம் ஆரம்பத்திலேயே 3 நிமிடம் கடனில் இருக்கிறது. இரண்டு வழி உண்டு: மேசைகளுக்கு நடுவில் 4 நொடி வேகமாக ஓடுவது, அல்லது மேசை ஒன்று விட்டு ஒன்றில் நிற்பது. கப்பின் வாயைப் பிடித்து இறுக்கி ஓரத்தில் ஒரு மூக்கு போலச் செய்துகொண்டால் ஓடிக்கொண்டே குடிக்கலாம். கூட்டம் முதல் மேசையில்தான் மொய்க்கும். வரிசையின் கடைசி மேசைக்குப் போங்கள்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நாலரை மணிக்கு 45 கிராம் வீதம் 200 கிராம். 25 கிராம் ஜெல் என்றால் எட்டு. அத்தனை ஜெல் வயிறு தாங்காதவர்கள் ஜெல்லோடு பேரீச்சம்பழத்தையும் குளுக்கோஸ் தண்ணீரையும் கலந்து சமாளிக்கிறார்கள். முதல் ஜெல் 40, 45 நிமிடத்துக்குள் போகட்டும், பசிக்குக் காத்திருக்க வேண்டாம். வழியில் அன்போடு நீட்டப்படும் கடலை மிட்டாயை முடித்தபின் சாப்பிடுங்கள். கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும்.

தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஐந்து, ஆறு மணி நேரம் ஓடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர்களுக்குக் குடிக்க நேரமும் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே ஓ.ஆர்.எஸ். சேருங்கள்.

7. ஓடி நடப்பவர்களுக்கு

ஐந்து மணி நேரத்துக்கு மேல் இலக்கு வைப்பவர்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை, ஓட்டமும் நடையும் முதல் கிலோமீட்டரிலிருந்தே மாறி மாறி வருவது. களைத்தபின் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கைப் பாருங்கள். 4 நிமிடம் 6:30 பேஸில் ஓடினால் 615 மீட்டர். ஒரு நிமிடம், கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்ற விறுவிறு நடையில், 100 மீட்டர். ஐந்து நிமிடத்தில் 715 மீட்டர், சராசரி 6:59. மாரத்தான் 4:55 வாக்கில் முடியும். நடக்கும் நிமிடம் உலாவலாக மாறி 13 நிமிட நடையானால் 5:05 ஆகிவிடும். நடையையும் பயிற்சியில் ஓட்டத்தைப் போலவே பழக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நடக்கும் முன் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓரம் போங்கள். பின்னால் வருபவர் மோதாமல் இருப்பார்.

8. பேசர் பஸ்ஸில் ஏறலாமா?

கொடியோ பலூனோ பிடித்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஓடும் பேசர்களையும் அவர்களைச் சுற்றி வரும் கூட்டத்தையும் 'பஸ்' என்பார்கள். நல்ல பேசர் வரம். ஏறும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, சமமா ஓடப்போறீங்களா, முன்னாடி வேகமாவா?" "துப்பாக்கி நேரமா, சிப் நேரமா?"

இரண்டாவது கேள்வி முக்கியம். துப்பாக்கி நேரம் ஓட்டம் தொடங்கும் ஒலியிலிருந்து எண்ணுவது, சிப் நேரம் ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது. நீங்கள் அவருக்கு ஒரு நிமிடம் பின்னால் தொடக்கக் கோட்டைத் தாண்டியிருந்தால், அவர் கண்ணில் தெரியும் தூரத்தில் ஒரு நிமிடம் முன்னால் போவதுதான் சரி. அவரைப் பிடிக்கிறேன் என்று முதல் 3 கிலோமீட்டரில் பாய்வது, மேலே சொன்ன கந்து வட்டிக்குக் கையெழுத்துப் போடுவது. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் 20 கி.மீ.க்கு மேல் பரப்பிக்கொள்ளுங்கள். பேசர் தண்ணீர் மேசையில் நின்று நிதானிப்பாரா, நேராகப் போய்விடுவாரா என்பதையும் கேட்டுவைப்பது நல்லது.

9. வழியில் எடுக்க வேண்டிய முடிவுகள்

10 கி.மீ.: சீட்டில் உள்ளதைவிட ஒரு நிமிடம் முன்னால் இருக்கிறீர்களா? பிரேக் போட வேண்டாம், திட்ட பேஸுக்குத் திரும்பினால் போதும். ஒரு நிமிடம் பின்னால் இருந்தால் அதை அடுத்த இருபது கிலோமீட்டருக்குப் பங்கிடுங்கள், கிலோமீட்டருக்கு 3 நொடி.

அரைத் தூரம்: நாடித்துடிப்பு ஒத்திகை எண்ணுக்குக் கீழே இருக்கிறதா? மேலே இருந்தால் இப்போதே 4:35க்கு மாறுங்கள். அதற்கான பேஸ் 6:31. 21ல் மாறினால் 4:35 கிடைக்கும், 32ல் மாறினால் 4:50தான் கிடைக்கும்.

30 கி.மீ.: வெயில் ஏறிவிட்டது. இங்கிருந்து வாட்சைக் குறைவாகவும் மூச்சை அதிகமாகவும் கவனியுங்கள். அடுத்த கி.மீ. பலகை வரை, அதற்கடுத்த பலகை வரை என்று மட்டும் யோசியுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றலாம், ஷூவுக்குள் போகாமல் குனிந்து ஊற்றுங்கள். நனைந்த சாக்ஸ் பத்து கிலோமீட்டரில் கொப்புளமாகும்.

37, 38ல் தெம்பு மிச்சம் இருந்தால் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடுங்கள். அதற்கு முன்னால் மட்டும் வேண்டாம். தலைசுற்றல், வியர்வை நின்றுபோய் உடல் சிலிர்த்தல், நெஞ்சு வலி, திசை தெரியாமல் தடுமாறுதல், இதில் எது வந்தாலும் பேஸ் கணக்கெல்லாம் முடிந்தது. நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

10. முடிந்தபின் ஒரு வகுத்தல்

கால் வலி அடங்கியதும் சிப் நேரத்தை எடுத்து, ஆரம்பத்தில் கணக்குக்கு எடுத்த அரை மாரத்தான் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நம் உதாரணக்காரர் 4:33ல் முடித்திருந்தால், 273ஐ 125ஆல் வகுக்க 2.18 வரும். ரீகலின் 2.085ம் வேண்டாம், நான் சொன்ன 2.15ம் வேண்டாம். இனி அவருடைய எண் 2.18.

பிறகு மாரத்தானின் இரண்டாம் பாதி நேரத்தை முதல் பாதியால் வகுங்கள். 1.02க்குள் வந்தால் பேஸ் சரி, அடுத்த முறை பயிற்சித் தூரத்தைக் கூட்டினால் நேரம் குறையும். 1.05ஐத் தாண்டியிருந்தால் முதல் 10 கி.மீ. நேரத்தைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அங்கே வேகமாகப் போயிருந்தால் பயிற்சியில் குறை தேட வேண்டியதில்லை, அடுத்த ஓட்டத்திலும் இதே இலக்கை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் திருத்தலாம். அங்கே சீட்டின்படியே போயிருந்தும் பின்னால் சரிந்திருந்தால், 2.18 என்ற எண்ணை 2.2 ஆக்கிக்கொண்டு, நீண்ட ஓட்டங்களில் இலக்கு பேஸ் பகுதியை 14லிருந்து 16, 18 கி.மீ.க்கு நீட்டுங்கள்.